நோயை ஆராய வேதியியலா?

தங்கள் மகள் மருத்துவப் படிப்பை விடுத்து, புரதங்களில் நிகழும் மாற்றங்களுக்கும் நோய்களுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் ஒரு வேதியியல் பேராசிரியரிடம் ஆய்வு செய்ய விரும்புவது குறித்துத் தாங்கள் கவலைப்படுவது இயல்பே. ஆயினும், "நோயை ஆராய வேதியியல் எதற்கு?" என்ற தங்கள் கேள்விக்கே முதலில் விடை கூற விரும்புகிறேன்.

செல்லுக்குள் ஒரு புரதம் உருவான பின்பும், பாஸ்பேட், அசிட்டைல், சர்க்கரை போன்ற தொகுதிகள் அதனுடன் சேர்வதும் அதிலிருந்து நீங்குவதும் தொடர்கின்றன. அப்புரதம் எப்போது செயல்படும், எப்போது சிதைக்கப்படும் என்பதைப் பெரும்பாலும் இவையே தீர்மானிக்கின்றன. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில், பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி ஒன்று கட்டுப்பாடின்றி இயங்குகிறது. அந்நொதியைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மருந்துக்கு அமெரிக்கா 2001-இல் ஒப்புதல் அளித்தது. சர்க்கரை நோய்க்குச் செய்யப்படும் எச்பிஏ1சி பரிசோதனையும், நொதியின் துணையின்றித் தானாகவே ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட குளுக்கோஸைத்தான் கணக்கிடுகிறது.

இம்மாற்றங்களைக் கண்டறிவதில்தான் வேதியியலரின் திறமை வெளிப்படுகிறது. புரதத்தின் ஓரிடத்தில் ஓர் அசிட்டைல் தொகுதி சேர்ந்தாலும், மூன்று மெத்தில் தொகுதிகள் சேர்ந்தாலும், நிறை ஏறத்தாழ 42 டால்டன் (மூலக்கூறுகளின் நிறையைக் குறிக்கும் அலகு) கூடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 0.04 டால்டனுக்கும் குறைவு. அதைப் பிரித்தறிய, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியான நுட்பமான நிறை நிறமாலைமானியும், அது காட்டும் எண்ணை உடனே நம்பிவிடாத மனமும் வேண்டும். மருந்து நிறுவனங்களும், உணவுப் பரிசோதனைக் கூடங்களும், தடயவியல் ஆய்வகங்களும் இக்கருவியைப் பயன்படுத்துவதால், ஆய்வு செய்த நோய் எதுவாயினும் இத்திறன் வேலைக்கு உதவும். ஆகவே, ஆய்வுத் தலைப்பில் உள்ள நோயின் பெயரைக் கண்டு முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை.

முனைவர் பட்டத்துக்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதையும், அதுவரை வருமானம் குறைவாகவே இருக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நோயாளிகளை நேரில் கவனித்துக் குணப்படுத்துவதே தங்கள் மகளின் விருப்பமெனில், இது அவருக்கு ஏற்ற பாதையன்று. இதை அவரிடம் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். மூலக்கூறுகளின் மீதுதான் ஆர்வமெனில், கரிம வேதியியலையும் பகுப்பாய்வு வேதியியலையும் ஆழமாகப் படித்து, அவற்றுடன் புள்ளியியலும் சிறிது நிரலாக்கமும் கற்கட்டும்.

சேர்வதற்கு முன், விடுமுறையில் சில வாரங்கள் அவ்வாய்வகத்தில் பயிற்சி பெற அனுமதி கேட்கலாம். அப்போது, மாணவர்கள் கருவியைத் தாமே இயக்குகிறார்களா அல்லது மாதிரிகளைத் தந்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறார்களா என்பதையும், முன்பு அங்கு பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்பதையும், பேராசிரியரிடம் மட்டுமன்றி மூத்த ஆய்வு மாணவர்களிடமும் அவர் கேட்டறிவது நல்லது.