மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் 400 வோல்ட் மின்தேக்கித் (கெப்பாசிட்டர்) தொகுதியை, ஸ்க்ரூடிரைவரால் இரு முனைகளையும் குறுக்கே தொட்டு மின்னிறக்கினால் போதுமா?

போதாது. இதைக் கேட்பவர் அநேகமாக ஒரு தொகுதியை மேசைமேல் வைத்து மின்னேற்றிவிட்டு, எச்சரிக்கை விளக்கு அணைந்த பிறகும் கை வைக்கத் தயங்கி நிற்கிறார் என்று ஊகிக்கிறேன். அந்தத் தயக்கம் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போனது.

நான் பினாங்கில், குளுகோரில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஆனால் அங்கே என் கைக்கு வந்ததெல்லாம் 5 வோல்ட், 12 வோல்ட் பலகைகள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'தொழில் தெரிந்தவர் இப்படிச் செய்வாரா' என்று யாராவது கேட்பார்கள். தெரியும் என்ற நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

லோரோங் கூலிட் சந்தையில் பழைய வால்வு வானொலியின் மின்மாற்றி ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதன் 280 வோல்ட் சுருளை டையோடு பாலத்தில் (மாறுமின்னோட்டத்தை ஒரே திசையில் ஓட வைக்கும் இணைப்பு) கொடுத்தால் உச்ச மின்னழுத்தம் ஏறத்தாழ 396 வோல்ட் வரும். 450 வோல்ட் தாங்கும் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் ஆறைப் பக்க இணைப்பில் சேர்த்தேன். மொத்தம் 2,820 மைக்ரோஃபாரட். (இணையத்தில் முதலில் வாங்கியவை புது உறை மாட்டிய பழைய சரக்கு, அளந்தால் பாதி கூட இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 'உங்கள் மீட்டர் சரியில்லை' என்று பதில் வந்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.) இப்படி ஏற்றிய தொகுதியில் சுமார் 220 ஜூல் இருக்கும்; ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை ஏழாவது மாடியிலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது அதற்கு இருக்கும் ஆற்றல் அது. தைரிஸ்டர் என்ற மின்னணுச் சுவிட்ச் வழியாக அதை வேறொரு கம்பிச் சுருளுக்குள் திறந்துவிட்டால், அதன்மேல் வைத்த அலுமினிய வளையம் ஒன்று எகிறிக் கூரையில் மோதும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

ஏற்றும்போது இரண்டு 60 வாட் குண்டு பல்புகளைத் தொடரில் வைத்திருந்தேன். தொடக்கத்தில் பளிச்சென்று எரிந்து, மின்தேக்கி நிரம்ப நிரம்ப மங்கி அணையும். பார்க்கவே அழகாக இருக்கும். மின்மாற்றி எதற்கு, வீட்டின் 230 வோல்ட்டையே திருத்தினால் 325 வருமே என்று கேட்பவர்களுக்கு: அப்போது தொகுதியின் எந்த முனையும் நிலத்திலிருந்து பிரிந்திருக்காது, ஒற்றைக் கை பட்டாலும் போதும், மின்னதிர்ச்சி தாக்கும்.

ஏற்றத்தில் நான் தவறவில்லை, இறக்கத்தில் தவறினேன். மின்னூட்டத்தை மெல்ல இறக்குவதற்காகத் தொகுதியின் குறுக்கே 22 கிலோஓம் சிமெண்ட் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றை நிரந்தரமாக வைத்து, அதோடு தொடரில் ஒரு சிவப்பு எல்இடியையும் சேர்த்திருந்தேன். நேர மாறிலி, அதாவது மின்னழுத்தம் ஏறத்தாழ 37 விழுக்காட்டுக்கு இறங்க எடுக்கும் நேரம், 62 வினாடி. அதன் ஐந்து மடங்கு, அதாவது ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் காத்திருந்தால் எஞ்சுவது மூன்று வோல்ட்டுக்கும் குறைவு. இந்தக் கணக்கையெல்லாம் தாளில் எழுதிப் போட்ட நான், தொகுதி முழு ஏற்றத்தில் நிற்கும் வரை அந்த ரெசிஸ்டர் 7 வாட் வெப்பத்தை விடாமல் வெளியேற்ற வேண்டும் என்பதைப் போடவில்லை. நான் வைத்திருந்தது 5 வாட் ரெசிஸ்டர். ஒரு நாள் அது உள்ளே அறுந்துபோனது. வெளியே மயிரிழை போல ஒரு வெடிப்பு மட்டுமே, அதுவும் பிறகுதான் கண்ணில் பட்டது.

ரெசிஸ்டர் அறுந்தால் எல்இடிக்கும் மின்னோட்டம் இல்லை. ஆகவே விளக்கு அணைந்தது; இறங்கிவிட்டது என்று நானாகப் படித்துக்கொண்டேன். மின்தேக்கிகளை இணைக்கும் இரு செப்புப் பட்டைகளில் ஒன்றின் மரையைக் கழற்ற ஸ்பேனரை வைத்தேன். அதன் வால் மறு பட்டையைத் தொட்டது. துப்பாக்கி வெடித்தது போன்ற ஓசை. சமையலறையிலிருந்து என் மனைவி, "என்னங்க, கேஸ் தோம்பா வெடிச்சிருச்சு?" என்று ஓடி வந்தபோது, அவர் வாய் அசைவது தெரிந்தது, காதில் விழவில்லை. ஸ்பேனரின் விளிம்பில் பச்சைப்பயறு அளவுக்கு உருகிய குழி. உருகிப் பறந்த துளி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அது வெறும் பார்வைக் கண்ணாடி.

ஸ்க்ரூடிரைவர் முறையும் இதே விபத்தைத் தெரிந்தே செய்வதுதான். 'இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறேன்' என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் இணைப்பு ஒன்று விட்டுப்போய்த் தனித்து நிற்கும் மின்தேக்கி, பட்டைகளைத் தொடுவதால் இறங்காது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

இப்போது 47 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டர்கள் இரண்டைத் தனித்தனி வழியாக வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு விழும் சுமை 3.3 வாட்தான், ஒன்று அறுந்தாலும் மற்றது பதினொரு நிமிடத்தில் இறக்கிவிடும். எல்இடியை எடுத்துவிட்டு, தனி மின்கலத்தில் ஓடும் மீட்டரைப் பொருத்தியிருக்கிறேன். அது அணைந்தால் அதற்குப் பொருள் 'தெரியாது' என்பது மட்டுமே. பிறகு, பிவிசி குழாய் முனையில் கட்டிய 500 ஓம், 100 வாட் ரெசிஸ்டரைத் தொகுதியின் குறுக்கே பத்து வினாடி பிடிப்பேன். கையடக்க மீட்டரை முதலில் ஒரு 9 வோல்ட் பேட்டரியில் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு மின்தேக்கியையும் தனியாக அளந்து, மீண்டும் அதே பேட்டரியில் வைத்துப் பார்ப்பேன்; நடுவில் மீட்டரே செத்திருந்தாலும் பூஜ்யம்தானே காட்டும்.

அதோடு முடிந்தது என்று எடுத்து வைத்துவிடாதீர்கள். மின்தேக்கியின் காப்புப் படலத்துக்குள் தங்கிய மின்னூட்டம் மெல்ல முனைகளுக்குத் திரும்பும். இறக்கும் ரெசிஸ்டர்களைக் கழற்றி இரவு பூஜ்யத்தில் விட்ட என் தொகுதி காலையில் 24 வோல்ட் காட்டியது. அதனால் அலமாரிக்குப் போகும் எந்த மின்தேக்கியாக இருந்தாலும் அதன் இரு முனைகளையும் ஒரு செப்புக் கம்பியால் சுற்றிவிட்டுத்தான் வைக்கிறேன்.