பனியே விழாத பிலிப்பைன்ஸுக்கு எப்படி ஐஸ் ஹாக்கி அணி?

அணி இருப்பது மட்டுமல்ல, 2017 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கமும் வாங்கினார்கள். மணிலாவின் பெரிய மால்களுக்குள்ளேயே ஐஸ் தளம் இருக்கிறது.

சரி, ஐஸ் எப்படி நிற்கிறது? கடலூர் முதுநகர் பக்கம் மீனுக்கு ஐஸ் போடும் ஐஸ் பிளான்ட்டைப் பார்த்திருப்பீர்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிரவைத்த உப்புத் தண்ணீரில் தண்ணீர் டின்களை இறக்கி வைப்பார்கள். இங்கேயும் அதே வித்தைதான். தரைக்கடியில் குழாய்களில் உறையாத திரவம் ஓடும்; மேலே தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மெல்லிய அடுக்குகளாக உறையவைப்பார்கள். மொத்தக் கனமே ஓர் அங்குலம்தான் வரும்.

வெயிலைவிட நம்மூர் மாதிரிப் புழுக்கம்தான் பெரிய தொல்லை. ஈரக்காற்று உள்ளே புகுந்தால் ஐஸ் மேல் மூடுபனி கிளம்பிவிடும். அப்புறம் பந்துக்குப் பதிலாக அடிக்கும் கறுப்பு ரப்பர் வட்டைத் தேட வேண்டியதுதான். கரன்ட் பில்லை மட்டும் கேட்காதீர்கள்.