காரணம் சொல்லாத படம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சென்ற வாரம் ஒரு படம் பார்த்தேன். பள்ளியில் ஒன்றாகப் படிக்கும் ஐந்து நண்பர்களில் ஒருவன் தற்கொலை செய்துகொள்கிறான். அதற்கு மறுநாள் காலையில் படம் தொடங்குகிறது. மற்ற நால்வரும் அடுத்த ஓராண்டை எப்படிக் கடக்கிறார்கள் என்பதுதான் கதை. நடிப்பெல்லாம் பிரமாதம். ஆனால் அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம். காரணத்தைச் சொன்னால்தானே பெற்றோர் கவனமாக இருக்க முடியும்?

இன்னும் சில இடங்கள் உறுத்தின. இறுதிச்சடங்கு முடிந்த அன்று மாலையே நண்பர்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவனுக்கு மிக நெருக்கமான தோழி அவனைத் திட்டித் தீர்க்கிறாள். அவனோடு ஒரே ஒரு தடவை பேசிய ஒரு பெண் எல்லோரையும்விட அதிகமாக உடைந்துபோகிறாள். செயற்கையாக இருந்தது.

எனக்குப் பதினாறு வயதில் மகள் இருக்கிறாள். அவளும் இதைப் பார்க்க வேண்டும் என்கிறாள். காட்டலாமா? இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிட்டதாக ஆகாதா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். நீங்கள் குறையாகச் சொல்வதைத்தான் நான் அதன் பெரிய பலமாக நினைக்கிறேன்.

காரணம் என்று ஒன்றைக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேர்வு, காதல், வீட்டில் சண்டை என்று எதையாவது சொல்லியிருப்பார்கள். 'ஓ, அதுதானா' என்று நம் மனம் அடங்கியிருக்கும். மிச்சமிருக்கும் நால்வரின் துயரம் வெறும் பின்னணியாகியிருக்கும். நிஜத்தில் ஒரு நண்பனை இப்படி இழந்த பிள்ளைகளுக்கு அந்த அடங்கல் கிடைப்பதில்லை. அந்த 'ஏன்' அவர்களோடு கூடவே வளர்கிறது. இருபது வயதில் ஒரு விதமாகவும் நாற்பதில் வேறு விதமாகவும் திரும்ப வருகிறது. பதில் இல்லாத கேள்வியோடு எப்படி வாழப் பழகுவது என்பதுதான் படத்தின் கதை. இறந்தவனின் கதையை அது சொல்லவே வரவில்லை.

காரணம் தெரிந்தால் பெற்றோர் கவனமாக இருக்கலாம் என்கிறீர்கள். நான் நேரெதிராக நினைக்கிறேன். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பது மிக அரிது. கண்டுபிடிக்கப்படாத மனச்சோர்வு நோய், நெடுநாள் தூக்கமின்மை, வெளியே சொல்ல முடியாத ஒரு அவமானம், தான் எல்லோருக்கும் பாரம் என்ற நினைப்பு, அந்த நேரத்துத் தடுமாற்றம் என்று பலதும் சேர்ந்துகொள்கின்றன. கடைசியாக நடந்தது மட்டும்தான் வெளியே இருப்பவர்கள் கண்ணில் படுகிறது. அதைக் காரணம் என்று ஒரு கதை சொல்லிவிட்டால், 'என் பிள்ளைக்கு அந்தப் பிரச்சினை இல்லையே' என்று பெற்றோர் நிம்மதியாகிவிடுவார்கள். கவனம் தவறான இடத்துக்குப் போய்விடும்.

பார்க்கிற பிள்ளைகளுக்கு அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1774இல் ஜெர்மன் எழுத்தாளர் கதே எழுதிய இளம் வெர்தரின் கதையைப் படித்து இளைஞர்கள் அவனைப் போலவே சாகிறார்கள் என்று அஞ்சி, லைப்சிக் நகரத்தில் அந்த நாவலைத் தடை செய்தார்கள். சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1974இல், அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் நாளிதழ்களின் முதல் பக்கத் தற்கொலைச் செய்திகளை ஆராய்ந்தார். அவற்றை அடுத்துத் தற்கொலைகள் கூடுவதைக் காட்டி, அதற்கு வெர்தர் விளைவு என்று பெயர் வைத்தார். நம் காலத்தில் நெட்ஃபிளிக்ஸின் 'தர்ட்டீன் ரீசன்ஸ் வொய்' தொடர் 2017 மார்ச் கடைசியில் வந்தது. இறந்துபோன பெண் விட்டுச்சென்ற கேசட்டுகளில், யார் யார் காரணம் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறாள். மரணம் அங்கே ஒரு பதிலடியாகவும் தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது. செத்த பிறகாவது எல்லோரும் என் பேச்சைக் கேட்பார்கள் என்று நொந்துபோன ஒரு பிள்ளைக்குத் தோன்றவைக்கும் கதை அது. தொடர் வெளியானதை அடுத்த ஏப்ரலில் அமெரிக்காவில் 10 முதல் 17 வயது வரையிலானோரின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 29 சதவீதம் கூடியிருந்ததாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது. அதே தரவுகளை மறுபடி அலசிய இன்னொரு ஆய்வாளர், அதைத் தொடரின் தலையில் கட்ட முடியாது என்றார். அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். தற்கொலையை நேரடியாகக் காட்டிய காட்சியை 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸே நீக்கிவிட்டது. அது முதலிலேயே தேவைப்படாத காட்சி என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் பார்த்த படத்தில் அப்படி ஒரு காட்சி கிடையாது. எப்படி, எங்கே என்ற பேச்சே இல்லை. அவன் எழுதி வைத்த கடிதத்தையும் நமக்குப் படித்துக் காட்டுவதில்லை. 2019இல் உலக சுகாதார நிறுவனம் திரைப்படம், நாடகம் எடுப்பவர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. முறையைக் காட்டாதீர்கள், ஒற்றைக் காரணத்தில் அடைக்காதீர்கள், மீள முடியும் என்பதையும் உதவி எங்கே கிடைக்கும் என்பதையும் காட்டுங்கள் என்பது அதன் சாரம். இந்த இயக்குநர் அதைப் படித்தாரோ இல்லையோ, பெரும்பாலும் அதன்படியே நடந்திருக்கிறார்.

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். பள்ளி மைதானத்தில் அவனுடைய பெரிய படத்தை வைத்து, நூற்றுக்கணக்கானவர்கள் மெழுகுவத்தி ஏந்தி, பின்னணியில் இசை உயர்ந்துகொண்டே போகிற அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை. உயிரோடு இருந்தபோது கிடைக்காத அன்பெல்லாம் இறந்ததும் கிடைத்துவிட்டது போல அது காட்டுகிறது. யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று நினைக்கும் ஒரு பிள்ளை அதைப் பார்த்தால் என்ன எடுத்துக்கொள்ளும்? விபத்தோ நோயோ தற்கொலையோ, எந்த மரணமானாலும் பள்ளி ஒரே விதமாகத்தான் அஞ்சலி செலுத்த வேண்டும் என்று தற்கொலைத் தடுப்புத் துறையில் இருப்பவர்கள் சொல்வது இதனால்தான். இறந்தவனை ஒதுக்கவும் கூடாது, வீரனாக்கவும் கூடாது. உங்கள் மகளோடு பார்க்கும்போது இந்தக் காட்சியைப் பற்றி அவசியம் பேசுங்கள்.

அப்புறம், அந்தச் சிரிப்பு. வளரிளம் பிள்ளைகளின் துக்கம் பெரியவர்களுடையதைப் போலத் தொடர்ச்சியாக ஓடுவதில்லை. ஒரு மணி நேரம் தாங்கமாட்டாமல் அழுவார்கள். அடுத்த மணி நேரம் பழைய கூத்தொன்றை நினைத்துச் சிரிப்பார்கள், பசிக்கிறது என்பார்கள், கேம் ஆடுவார்கள். அதைப் பார்த்து 'இதுகளுக்கு மனசே இல்லையா' என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டால், அதோடு அவர்கள் அழுவதையும் மறைத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். தோழி திட்டுவதும் அப்படித்தான். 'எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படிடா போவ?' என்று அவள் கத்துகிறாளே, அந்தக் கோபத்துக்குள்தான் அவளுடைய பிரியம் முழுக்க இருக்கிறது. இப்படி ஒருவரை இழந்தவர்களிடம் துக்கத்தைவிடக் கோபம் முந்திக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. இறந்தவன்மீது கோபப்படக் கூடாது என்று தடுத்தால், அது அவர்கள்மீதே திரும்பும்.

ஒரே தடவை பேசிய அந்தப் பெண்ணின் பாத்திரம்தான் படத்திலேயே உண்மைக்கு மிக நெருக்கமானது என்பேன். கனடாவில் 12 முதல் 17 வயது வரையிலான 22,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. உடன் படிக்கும் ஒருவர் தற்கொலை செய்துகொண்டிருந்தால், மற்ற பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் வரும் அபாயம் கூடுகிறது, அது இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீடிக்கிறது என்று அதில் தெரியவந்தது. இறந்தவரை நேரில் பழகி அறிந்திருந்தார்களா என்பது அதில் பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை. அதனால், நெருங்கிய நண்பர்களை மட்டும் கூப்பிட்டுப் பேசினால் போதாது, பள்ளி முழுக்கவும் கவனிக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். படத்திலும் ஆசிரியர்கள் அந்த நால்வரையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கடைசி பெஞ்சில் இருக்கும் இந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்தியது யாருக்கும் தெரிவதில்லை. ஏற்கெனவே அவளுக்குள் ஏதோ இருந்திருக்கிறது, இவனுடைய மரணம் அதைத் தொட்டுவிட்டது. அவள் அழுதபோது 'உனக்கு என்ன, நீ அவன்கூடப் பேசினதே இல்லையே' என்று ஒருத்தி கேட்கிறாள் பாருங்கள். நீங்களும் கடிதத்தில் கிட்டத்தட்ட அதையே கேட்டிருக்கிறீர்கள். நாம் எல்லோருமே அப்படித்தான் கேட்போம். அதனால்தான் அந்தப் பெண் படத்துக்குத் தேவைப்படுகிறாள்.

ஆனால் என்னை மிகவும் பாதித்தது போனை எடுக்காத பையன். நீங்கள் அவனைப் பற்றி எழுதவில்லை. அன்று இரவு நண்பனிடமிருந்து அழைப்பு வருகிறது, இவன் எடுக்கவில்லை. காலையில் செய்தி வருகிறது. எட்டு மாதம் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறான். அம்மாவுக்கு எப்படியோ தெரிந்து, 'உன் மேல தப்பே இல்லடா' என்று கட்டிக்கொள்கிறாள். அவன் விலக்கிவிட்டு எழுந்து போய்விடுகிறான். அம்மா சொன்னது முழு உண்மை. இருந்தும் அது அவனுக்குள் இறங்கவில்லை, ஏனென்றால் அவன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் சொல்லப்படும் ஆறுதல், 'இதோடு விட்டுவிடு' என்பது போலத்தான் பிள்ளைகளின் காதில் விழும்.

பிறகு விளையாட்டுப் பயிற்சியாளர் கேட்கிறார்: 'அன்னிக்கு ராத்திரி நீ என்ன செஞ்சுக்கிட்டிருந்த?' அவ்வளவுதான் கேள்வி. பையன் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். மறுநாள் பரீட்சை. தலைவலி. போன் அதிர்ந்தது. எப்போதும் போல அரட்டைக்குத்தான் கூப்பிடுகிறான், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லிக்கொண்டே வரும்போது அவன் முகம் மாறுகிறது. காலையில் தெரிந்ததை வைத்துக்கொண்டு முந்தைய இரவை விசாரித்துக்கொண்டிருந்தோம் என்பது அவனுக்கே புரிகிறது. அந்த இரவில் இருந்த பையனுக்கு எதுவுமே தெரியாது. பயிற்சியாளர் அறிவுரை சொல்லவில்லை, தோளைத் தட்டவும் இல்லை. 'நாளைக்கும் பேசலாமா?' என்கிறார். அதன் பிறகும் பையன் முழுதாகத் தேறிவிடவில்லை. ஆனால் மறுநாள் வருகிறான். குற்றவுணர்வைப் பற்றி இவ்வளவு பொறுமையாக எடுக்கப்பட்ட காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதோடு சேர்த்து ஒன்று. 'யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு' என்று இறந்தவன் நால்வரில் ஒருத்தியிடம் கேட்டிருந்தது பாதிப் படத்துக்கு மேல்தான் நமக்குத் தெரிகிறது. இந்த வயதில் பெற்றோரைவிட நண்பர்களிடம்தான் முதலில் சொல்வார்கள். அப்படி ஒரு சத்தியத்தை உடைப்பது துரோகம் ஆகாது, நண்பன் கோபித்துக்கொண்டாலும் உயிரோடு இருக்கட்டும் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் நாம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். கூடவே, அவர்கள் வந்து சொன்னால் பதறாமல் கேட்கும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

இனி உங்கள் மகள். காட்டுங்கள், ஆனால் தனியாகப் பார்க்க விடாதீர்கள். சமீபத்தில் அவள் யாரையாவது இழந்திருந்தாலோ, அவளே சில வாரங்களாகச் சோர்ந்து, ஒதுங்கி, தூக்கம் கெட்டு இருந்தாலோ இப்போதைக்குப் படம் வேண்டாம். முதலில் அவளோடு பேசுங்கள், மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள்.

இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 2,300க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டுப் பார்த்தார்கள். 2005இல் முடிவுகள் வெளியாயின. கேட்கப்பட்டவர்களுக்குக் கேட்கப்படாதவர்களைவிட மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்கு, கேட்டது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கிறது. ஆகவே நேரடியாகவே கேளுங்கள்: 'உனக்கு எப்பவாவது செத்துடலாம்னு தோணியிருக்கா?' 'உனக்கு அப்படியெல்லாம் இல்லதானே?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இல்லை' என்ற பதிலை நாமே அதில் வைத்துவிடுகிறோம்.

கதைகள் கெடுக்க மட்டும் செய்வதில்லை. 2010இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள், தற்கொலை எண்ணத்தைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வெளியானதை அடுத்துத் தற்கொலைகள் குறைந்திருப்பதைக் கண்டு, அதற்குப் பாப்பகேனோ விளைவு என்று பெயரிட்டார்கள். மொசார்ட்டின் 1791ஆம் ஆண்டு இசைநாடகத்தில் வரும் பாத்திரம் பாப்பகேனோ. நம்பிக்கை இழந்து உயிரை விடப் போகிறவனை மூன்று சிறுவர்கள் நிறுத்தி, உன்னிடம் வேறு வழி இருக்கிறதே என்று நினைவுபடுத்துகிறார்கள். இந்தப் படத்தில் கடைசி பெஞ்சுப் பெண்ணைத் தேடி அந்த நால்வரும் போகிறார்களே, அதை இந்த வரிசையில்தான் வைப்பேன்.

அவள் 'ஆமா, தோணியிருக்கு' என்று சொல்லிவிட்டால் பதறிப்போய் அறிவுரை சொல்லாதீர்கள். கூடவே இருங்கள், முழுக்கக் கேளுங்கள், தாமதிக்காமல் உதவி தேடுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767 என்ற எண்களில் எந்நேரமும் பேசலாம். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் நாட்டு எண்ணை இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள். இதைப் படிக்கும் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தயவுசெய்து இப்போதே ஒருவரை அழையுங்கள்.

படம் பார்த்த பிறகு உங்கள் மகள் என்ன சொன்னாள் என்று முடிந்தால் எழுதுங்கள். அவள் சம்மதித்தால் மட்டும்.

அன்புடன்.