எழுந்து போகிறவர் நேரம் சொல்லிவிட்டுப் போகட்டும்

கேள்வி: கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. கணவருக்குக் கீழமாசி வீதியில் மளிகைக் கடை. நான் பள்ளி ஆசிரியை. நாத்தனார் மகள் காதுகுத்துக்கு என்னிடம் சொல்லாமலே 80,000 ரூபாய்க்குத் தாய்மாமன் சீர் செய்துவிட்டார். கேட்டால் எழுந்து போய்விடுகிறார். பிறகு மூன்று நாள் பேச்சே இல்லை. வைகாசியில் கொழுந்தனார் கல்யாணம் வேறு வருகிறது. அவருக்கு என்மேல் அன்பே இல்லையா?
- வாசகி, வில்லாபுரம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, எழுந்து போவதை வைத்து அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். தம்பதிகள் வாக்குவாதம் செய்யும்போது அவர்களின் இதயத்துடிப்பை அளந்து ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும், மனதில் ஏறாது என்கிறார். அப்போது வாயடைத்துப் போகிறவர்களில் ஆண்களே அதிகம். வெளியே கல்லாகத் தெரிந்தாலும் உள்ளே படபடப்புதான். அது அடங்க 20 நிமிடமாவது வேண்டும். "பதில் சொல்லிட்டுப் போங்க" என்று பின்னாலேயே போனால் மறுபடியும் ஏறும்.

ஆனால் 20 நிமிடம் வேறு, மூன்று நாள் வேறு. அதை அவர் மாற்றியே ஆகவேண்டும். இருவரும் நல்ல மனநிலையில் இருக்கும்போது பேசி வையுங்கள்: எழுந்து போகிறவர் "ஒன்பதரைக்குப் பேசுவோம்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போகவேண்டும்; அந்த நேரத்துக்கு அவரே வந்து பேச்சை எடுக்கவேண்டும். மறுநாளைத் தாண்டக் கூடாது. இடையில் மனதுக்குள் சண்டையை ஓட்டிக்கொண்டிருந்தால் படபடப்பு இறங்காது. மாடியில் நடக்கலாம், குளிக்கலாம்.

கடையடைத்துப் பசியோடு வருகிறவரிடம் வாசலிலேயே ஆரம்பிக்காதீர்கள். முதல் மூன்று நிமிடம் போகிற போக்கில்தான் பெரும்பாலும் பேச்சு முடியும். "உங்களுக்கு எப்பவும் உங்க அக்கா வீடுதான் பெருசு" என்றால் அக்காவுக்காக வாதாடத்தான் செய்வார். "சீர் செஞ்சது தப்பில்லைங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாததுதான் கஷ்டமா இருக்கு. இனிமே முன்னாடியே பேசிக்கிருவோமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் வீட்டாரை இளக்காரமாக ஒரு சொல்கூட வேண்டாம். உறவை அதுபோல் அரிப்பது வேறில்லை.

மௌனத்தோடு அடி, மிரட்டல், செலவுக்குப் பணம் தராமல் இருப்பது என்று ஏதாவது சேர்ந்திருந்தால் நான் சொல்லும் எதுவும் பொருந்தாது. மகளிர் உதவி எண் 181-ல் பேசுங்கள்.

சீர் பிரச்சினை அடியோடு தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிள்ளையை மடியில் வைத்துச் சபையறியச் சீர் செய்வது நம் பக்கத்துத் தாய்மாமனுக்குக் கௌரவம். உங்களுக்கு மாசச் செலவு கவலை. இரண்டும் நியாயம்தான். தம்பதிகளின் சச்சரவுகளில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிக் கடைசிவரை தொடர்பவை என்று காட்மன் கண்டார். நன்றாக வாழ்கிறவர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் வரம்பு வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள்.

நீங்களும் வையுங்கள். கடை விடுமுறையன்று, சாப்பிட்டபின், மொய் நோட்டோடு உட்காருங்கள். திருப்பிச் செய்யவேண்டிய மொய், இந்த வருஷத்து விசேஷங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் அம்மா வீட்டுப் பக்கமும் அதில் வரட்டும். அவர் பக்கத்தை மட்டும் எழுதினால் விசாரணையாகிவிடும். வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று முடிவுசெய்யுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் கலந்து பேசாமல் இருவருமே வாக்குக் கொடுப்பதில்லை என்றும் வையுங்கள். சபையில் நின்றுகொண்டு "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பது அவருக்கு முடியாத காரியம். அதனால் கொழுந்தனார் கல்யாணத்துக்கு மோதிரமா, பணமா, எத்தனை ரூபாய்க்கு என்பதைப் பத்திரிகை அடிக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.