சீப்புப் பல் கோடுகள்: வீடியோ எடிட்டிங் கேள்வி பதில்

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணை, 2003இல எடுத்த என்ர சாமத்திய வீட்டு மினிடிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் வீடியோ கசெட்) டேப்பைக் கணினியில ஏத்தினன். ஆக்கள் அசையேக்க ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு. டேப் பழுதோ?

பழுதில்லைத் தங்கச்சி. எங்கட டிவி பால் (PAL) எண்ட ஒளிபரப்பு முறை. ஒரு பிரேமில, அதாவது ஒரு முழுப் படத்தில, 576 கோடு, ஆனா கமெரா எல்லாத்தையும் ஒரே தரத்தில எடுக்கிறேல்லை. ஒண்டுவிட்ட கோடுகள் ஒரு ஃபீல்ட், மிச்சக் கோடுகள் 1/50 செக்கன் கழிச்சு அடுத்த ஃபீல்ட். பழைய டிவி அதே வரிசையில ஒண்டுக்குப் பிறகு ஒண்டாக் காட்டும். கணினி ரெண்டையும் சேர்த்து ஒரே படமாக் காட்டுது. அந்த இடைவெளியில நீங்கள் கையைத் தூக்கியிருந்தால் கை ரெண்டு இடத்தில நிக்கும், அதுதான் சீப்புப் பல். டிவிடிதான் போடப்போறீங்கள் எண்டால் கோட்டை அழிக்கவே வேண்டாம். 720க்கு 576 அளவில, இன்டர்லேஸாவே (இப்பிடி ரெண்டு ஃபீல்டாப் பிரிஞ்சபடியே) எடிட் பண்ணி எம்பெக்-2 எண்ட டிவிடி வீடியோ வடிவத்தில எடுங்கோ. டேப்பிலயிருந்து ஏத்தின, மணித்தியாலத்துக்கு 13 ஜிபி அளவு வரும் மூல ஃபைலை மட்டும் ஒருநாளும் அழிக்காதேங்கோ.

நகரத்திலிருந்து ஒரு தம்பி: நவராத்திரிக் கும்ப ஆட்ட வீடியோவை எடிட் பண்ணினன். டிவியில போட்டால் ஆடுறவர் முன்னுக்கும் பின்னுக்கும் உதறுறார்.

ஃபீல்ட் வரிசை மாறிப்போச்சு. மினிடிவியில கீழ்ஃபீல்ட் (கீழ்க்கோட்டில தொடங்கிறது) முதல் வரும், 1080 கோட்டு இன்டர்லேஸ் எச்டியில மேல்ஃபீல்ட் முதல். எடிட்டிங் புரொஜெக்டை மற்ற வரிசைக்கான அமைப்பில திறந்தால் 1, 2, 3, 4 எண்டு வரவேண்டிய அசைவு 2, 1, 4, 3 எண்டு வரும். படத்தை ஒரு கோடு மேல தள்ளினாலும் இதே கரைச்சல்தான். கணினித் திரையை நம்பாதேங்கோ. டிவியில போட்டுப் பாராமல் ஆருக்கும் டிவிடி குடுக்காதேங்கோ.

நிலாவெளி: போட்ட தமிழ் எழுத்து மினுங்குது.

ட, ப மாதிரி எழுத்துகளின்ர அடிக்கோடு ஒரு கோட்டுத் தடிப்பெண்டால் ஒரு ஃபீல்டில மட்டும்தான் இருக்கும், செக்கனுக்கு 25 தரம் வந்து வந்து மறையும். தடிச்ச எழுத்தாப் போடுங்கோ.

மூதூர்: எந்த லேப்டொப் வாங்கலாம்?

அது கடைக்காரரிட்டக் கேளுங்கோ.

கிண்ணியா: தம்பி, இன்டர்லேஸ் செத்த விசயம். ஏத்தின உடனே எல்லாத்தையும் செக்கனுக்கு 25 பிரேமா டீஇன்டர்லேஸ் பண்ணிட்டா (ஃபீல்டுகளை முழுப் படமா மாத்திட்டா) ஒரு பிரச்சினையும் இல்லையே?

நானா, இதிலதான் நான் உங்களோட ஒத்துப்போகமாட்டன். செக்கனுக்கு 50 கணம் டேப்பில இருக்கு. 25 பிரேமாக்கினால் அசைவில பாதி போச்சு, கும்பம் சுத்திற வேகம் தத்தித் தத்தித் தெரியும். பிறகு திருப்பி எடுக்க ஏலாது.

கிண்ணியா: போன்லதானே எல்லாரும் பார்க்கிறாங்க?

போனுக்கும் யூடியூப்புக்கும் டீஇன்டர்லேஸ் பண்ணத்தான் வேணும், மறுக்கேல்லை. ஆனா 50 பிரேமாப் பண்ணுங்கோ. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) எண்ட வீடியோ மாத்திற மென்பொருளில, டீஇன்டர்லேஸ் பண்ணுற யாடிஃப் (yadif) வடிகட்டிக்கு 1 எண்டு குடுத்தால் ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு முழுப் பிரேமா வரும். கியூடிஜிஎம்சி (QTGMC) எண்ட இன்னொரு டீஇன்டர்லேஸ் முறை இன்னும் வடிவாச் செய்யும், நேரம்தான் கனக்க எடுக்கும். பால் டிவிடியில 50 முழுப் பிரேம் வைக்க இடமில்லை, அங்க இன்டர்லேஸ்தான் அந்த 50 கணத்தையும் காப்பாத்தும். ஒரு மூலத்திலயிருந்து ரெண்டு பிரதி எடுங்கோ நானா.

கிண்ணியா: சரி, ஏற்கனவே 640க்கு 480ஆச் சுருக்கினதுக்கு?

சுருக்கேக்க ரெண்டு ஃபீல்டின்ர கோடுகளும் ஒண்டோட ஒண்டு கலந்திட்டுது. அதைப் பிரிக்க வழியில்லை. டேப்பைத் திரும்ப ஏத்துங்கோ. எப்பவும் டீஇன்டர்லேஸ் முதல், சுருக்கிறது பிறகு.

தம்பலகாமம்: வீடியோவில கோடு கோடாத் தெரியுது, டேப் பழுதோ?

தங்கச்சிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கோ.

சல்லி: வீட்டில இருந்த விஎச்எஸ் டேப்பில வெள்ளையாப் பூஞ்சணம். ஓட்டிப் பார்க்கலாமோ?

ஓட்டவே வேண்டாம். பூஞ்சணம் டெக்கில டேப்பை வாசிக்கிற ஹெட்டில ஒட்டி, அடுத்ததாப் போடுற நல்ல டேப்பையும் கெடுக்கும். டேப் துப்புரவாக்கத் தெரிஞ்சவரிட்டக் குடுங்கோ, அதுவரைக்கும் கடற்காத்துப் படாமல் உலர்ந்த பெட்டியில வையுங்கோ.