ஹலேயகாலாவின் சில்வர்ஸ்வோர்டு: கேள்வி பதில்

செல்வி: ஹவாய் போய்வந்த தோழி ஒரு படம் அனுப்பினாள். எரிமலைச் சாம்பலில் உருண்டையாக, வெள்ளி நிறத்தில் ஒரு செடி. என்ன அது?

சில்வர்ஸ்வோர்டு. சூரியகாந்திக் குடும்பம். மௌயி தீவின் ஹலேயகாலா எரிமலையில் சுமார் 2,100 மீட்டருக்கு மேலேதான் இந்த வகை வளரும். பகலில் வெயில் கொளுத்தும், இரவில் உறைபனி. இலை முழுக்க அடர்ந்த வெள்ளை மயிர் வெயிலைத் திருப்பிவிடும். இலைக்குள் இருக்கும் கூழ் தண்ணீரைச் சேர்த்து வைக்கும்.

முருகன்: தொட்டியில் வைக்கலாமா?

நம் ஊர்ச் சூட்டுக்குத் தாங்காது.

ராஜி: ஒரே தடவை பூத்துச் சாகுமாமே, நம் குறிஞ்சி மாதிரியா?

சாவது மட்டும்தான் ஒன்று. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை மலை முழுக்கச் சேர்ந்து பூக்கும், 2018இல் பார்த்திருப்பீர்கள். இதற்கு அப்படிக் கணக்குக் கிடையாது. 20 ஆண்டிலும் பூக்கலாம், 90 ஆண்டும் ஆகலாம். பூத்தால் ஆளுயரத் தண்டு, அதில் நூற்றுக்கணக்கான மெரூன் பூக்கள், தொட்டால் பிசுபிசுப்பு. தொடாதீர்கள்!

பாலு: சேர்ந்து பூத்தால் என்ன, தனியாகப் பூத்தால் என்ன? விதை விழுந்தால் போதாதா?

விதை பிடிப்பதே அதில்தான் இருக்கிறது, பாலு. தன் மகரந்தத்தால் இச்செடி விதை கட்டாது. பக்கத்தில் இன்னொன்று பூத்திருக்க வேண்டும், மகரந்தத்தைக் கொண்டுசேர்க்க அந்த மண்ணின் தேனீயும் வேண்டும். வந்தேறிய அர்ஜென்டினா எறும்பு அந்தத் தேனீக்களையே அழிக்கிறது.

பாலு: அப்படியானால் குறிஞ்சிதான் கெட்டிக்காரச் செடி.

ஒத்துக்கொள்ள மாட்டேன். சேர்ந்து பூக்கும் செடிக்கு அந்த ஓராண்டில் காடு எரிந்தால் ஒரு தலைமுறை விதையே போச்சு. இதற்கு அந்த ஆபத்து குறைவு.

வித்யா: விதை எங்கே கிடைக்கும்?

முருகனுக்குச் சொன்னதுதான். அரிய செடி, விதைக்கு அலைய வேண்டாம்.

ஷங்கர்: கிட்டே நின்று படம் எடுக்கலாமா?

பாதையை விட்டு இறங்காதீர்கள். வேர் மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும், மிதித்தால் நசுங்கிவிடும். ஆடு மேய்ந்தும், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பிடுங்கியும் 1930களில் சில ஆயிரம் செடிகளே மிஞ்சின.

மாலா: மூலிகையா?

மருந்து என் துறை இல்லை. பறிக்கவும் கூடாது.

தேவி: இப்போது பிழைத்துக்கொண்டதா?

வேலி போட்டு ஆடுகளை விரட்டியபின் நன்றாகப் பெருகியது. ஆனால் 1990களுக்குப் பிறகு மழை குறைந்து, சரிவின் கீழ்ப்பகுதிச் செடிகள் அதிகம் காய்ந்து சாகின்றன. வறட்சியை வேலி தடுக்காது. எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.