தோற்றாலும் கப்பல் ஏறினார்கள்

கேள்வி: கோல்ஃபில் ரைடர் கோப்பை பற்றி நிறையப் படிக்கிறோம். பணம் வாங்காமல் ஆடும் அமெச்சூர்களுக்கு அப்படி ஓர் அணிப் போட்டி உண்டா? அதில் பத்திரிகைக்காரர் ஒருவர் ஆடி ஜெயித்தார் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். அது வாக்கர் கோப்பை. 1927-இல் வந்த ரைடர் கோப்பைக்கு மூத்தது. ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்த அணி. கோப்பையைக் கொடுத்தவர் 1920-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கத் தலைவராக இருந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர். அதிபர்களாக இருந்த இரண்டு புஷ்களின் முழுப் பெயரிலும் வாக்கர் என்று வருவது இவரால்தான். 1921-இல் எல்லா நாடுகளுக்கும் அழைப்பு போனது. ஒரு நாடுகூட அணி அனுப்பவில்லை. மறு வருஷம்தான் பிரிட்டன் அணி நியூயார்க் பக்கத்திலுள்ள லாங் ஐலண்டுக்கு வந்தது.

அந்த ஆட்டத்தைப் பற்றி லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்கு எழுதக் கூடவே வந்தவர் பெர்னார்ட் டார்வின். சார்லஸ் டார்வினின் சொந்தப் பேரன். கேப்டன் ராபர்ட் ஹாரிஸ் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட, 45 வயது டார்வின் களத்தில் இறங்கினார், கேப்டன் பொறுப்பும் அவருக்கே வந்தது. ஏதோ ஆள் கணக்குக்கு நிறுத்தினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முந்தைய வருஷம்தான் பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டியில் அரையிறுதி வரை போனவர் அவர். சிங்கிள்ஸில் எதிரே நின்றது அமெரிக்க கேப்டன் வில்லியம் ஃபௌன்ஸ். யார் அதிகக் குழிகளை ஜெயிக்கிறார் என்று பார்க்கும் ஆட்டம் அது. முதல் மூன்று குழிகளும் டார்வின் கையைவிட்டுப் போயின. 36 குழி ஆட்டம் அல்லவா, நிதானமாகத் திருப்பிப் பிடித்தார். ஒரு குழி மீதம் இருக்கும்போதே மூன்று குழி முன்னிலையில் ஆட்டத்தை முடித்துவிட்டார். அணி என்னவோ 8-4 என்று தோற்றது.

கேள்வி: அதற்கப்புறமும் அமெரிக்காவே ஜெயித்துக்கொண்டே இருந்ததாமே, அதில் என்ன சுவாரசியம்?

பதில்: எனக்கு இந்தப் போட்டி பிடித்ததே அதனால்தான். முதல் ஒன்பது போட்டிகளிலும் அமெரிக்காதான் ஜெயித்தது. 1923-இலும் 1926-இலும் பிரிட்டன் அணிக்கு வெற்றி ஒரே ஒரு புள்ளியில் நழுவியது. 1936-இல் அமெரிக்காவின் பைன் வேலியில் பிரிட்டன் அணியால் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை, மூன்று ஆட்டங்கள் சமனில் முடிந்ததோடு சரி. பரிசுப் பணமும் கிடையாது. அத்தனை அடி வாங்கியவர்கள் இரண்டே வருஷத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 7-4 என்று கோப்பையைப் பிடித்தார்கள். பெரிய வெற்றி என்று நான் சொல்வது அதைத்தான்.

அப்புறம் அடுத்த வெற்றிக்கு 1971 வரை காத்திருந்தார்கள். அமெரிக்க மண்ணில் ஜெயிக்க 1989 ஆனது.

1995-இல் வேல்ஸில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அணியில் 19 வயது டைகர் உட்ஸ். எதிரே 35 வயது கேரி வோல்ஸ்டன்ஹோம். தூரம் அடிப்பதில் உட்ஸுக்குப் பக்கத்தில்கூட வர முடியாதவர், ஆனால் பந்தை நேராகவே அனுப்பிக்கொண்டிருப்பவர். முதல் நாள் சிங்கிள்ஸில் கடைசிக் குழி வரை இழுத்து உட்ஸைத் தோற்கடித்தார். மறுநாள் மறுபடி மோதியபோது உட்ஸ் ஜெயித்தார். ஆனால் கோப்பை அமெரிக்கர்களின் கையை விட்டுப் போனது: பிரிட்டன் அணிக்கு 14-10 வெற்றி.